பாலம் கட்டியவரும் பழுது பார்ப்பவரும்

திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாடமாக நடத்துகிறவர்கள் வசந்தவல்லியின் பந்தாட்டத்தில் சற்று நேரம் நிற்பார்கள். குறத்தி மலைவளம் கூறும் இடத்தில் இன்னும் சற்று நேரம் நிற்பார்கள். சிங்கன் பறவை பிடிக்க வருவதற்குள் பருவத் தேர்வு நெருங்கிவிடும். அப்பகுதியை விரைந்து கடப்பதே வழக்கம். ஆனால் குற்றாலத்தின் பொருளியல் வரலாறு ஒளிந்திருப்பது அங்கேதான். பறவைகள் இறங்கி மேயும் இடங்களாகக் குலசேகரப்பட்டிக் குளங்கள், ஆயிரப்பேரி, தென்காசி என்று ஊர்களும் நீர்நிலைகளும் அடுக்கடுக்காக வருகின்றன. அயிரையும் ஆராலும் துள்ளும் அந்தக் குளங்கள் கவிஞரின் கற்பனை அல்ல. நூலாசிரியர் திரிகூடராசப்பக் கவிராயரின் ஊரான மேலகரம், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே இருக்கிறது. அவர் நாள்தோறும் கண்ட நிலம் அது.

நூலை மெச்சி, மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் (ஆட்சிக் காலம் 1706–1732) கவிராயருக்கு நிலம் வழங்கினார் என்பதும், அது 'குறவஞ்சி மேடு' என்று பெயர் பெற்றது என்பதும் வாசகர்கள் அறிந்ததே. கவிதைக்கு நிலம் கொடுத்த கதையாகவே இதை நாம் சொல்லி வருகிறோம். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கொடுத்த நிலம் விளைய வேண்டுமானால் தண்ணீர் வேண்டும். தண்ணீருக்குக் குளமும் காலும் மடையும் வேண்டும். அவை ஆண்டுதோறும் பழுது பார்க்கப்பட வேண்டும். ஒரு கவிஞருக்கு மன்னர் அளித்த பரிசுகூட, பெயர் தெரியாத பலர் சேர்ந்து காத்துவந்த ஒரு பொதுக் கட்டுமானத்தை நம்பித்தான் இருந்தது.

அந்தக் கட்டுமானத்துக்குக் காசு போட்டவர் யார்? திரும்பப் பெற்றவர் யார்? கரை உடைந்தபோது மண் சுமந்தவர் யார்? 1990-களுக்குப் பிறகு 'பொது–தனியார் கூட்டு' என்ற தொடர் செய்தித்தாள்களில் அடிக்கடி வருகிறது. சாலை, துறைமுகம், குடிநீர், பேருந்து நிலையம் என்று அரசு தன் பணத்தில் செய்துவந்தவற்றைத் தனியார் பணத்தோடு சேர்ந்து செய்வதற்கு இது பெயர். ஏதோ உலக வங்கியிலிருந்து நேற்று இறங்கிய சொல்லைப் போல ஒரு சாராரும், எல்லா நோய்க்கும் மருந்து போல இன்னொரு சாராரும் இதைப் பேசுகிறார்கள். திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றைப் புரட்டினால் இந்தக் கூட்டு பல வடிவங்களில் நம்மோடு இருந்து வந்திருப்பது தெரியும். அவற்றுள் சிலவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

முதலில் குளங்கள்.

தமிழ்நாட்டில் ஏரி, குளங்களை வெட்டியவர்கள் மன்னர்கள் மட்டும் அல்லர். ஊர்ச் சபைகள், வணிகர்கள், தனிமனிதர்கள் எனப் பலரும் வெட்டினார்கள். பலரும் கொடை அளித்தார்கள். வெட்டியதோடு வேலை முடியவில்லை என்ற அறிவு அவர்களுக்கு இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்ற தனிக் குழுவே வருகிறது. ஏரிப் பராமரிப்புக்கென்று விடப்பட்ட நிலத்தை ஏரிப்பட்டி என்றார்கள். அந்த நிலத்தின் விளைச்சலே கரையை உயர்த்தவும் தூர் எடுக்கவும் முதலாக இருந்தது. ஏரியின் ஆயுள் செலவு ஏரிக்குக் கீழேயே விளைந்தது எனலாம்.

பின்னாளில் தசபந்தம் என்றொரு மானிய முறை வந்தது. இன்றைய ஆந்திரத்தின் தென்மாவட்டங்களில் இது மிகுதி. ஒருவர் தம் பணத்தில் ஏரியை வெட்டினாலோ சீர்செய்தாலோ, அந்தப் பாசனத்தின் வருவாயில் ஒரு பங்கு அவருக்கு மானியமாக விடப்படும். பத்தில் ஒன்று என்பது பெயரிலேயே இருக்கிறது. ஆனால் அந்த மானியம் சும்மா வருவதில்லை. ஏரியைத் தொடர்ந்து பழுது பார்த்து வரவேண்டும் என்ற கடமை அதோடு கட்டப்பட்டிருந்தது. தனியார் முதல், அரசு வருவாயில் பங்கு, நெடுநாள் பராமரிப்புப் பொறுப்பு என்ற மூன்றும் ஒரே உடன்பாட்டில் இருந்தன. இன்றைய ஒப்பந்தங்களை எழுதுகிறவர்கள் தேடும் கட்டமைப்பு இதுதான்.

தாமிரபரணிக் கரைக்கு வந்தால் கன்னடியன் கால்வாயின் கதை கிடைக்கிறது. சேர நாட்டு மன்னன் ஒருவன் தன் நோயை எள்ளால் செய்த பாவை ஒன்றுக்கு மாற்றி, அப்பாவையைப் பொன்னோடு தானம் கொடுக்க முன்வந்தான். நோயும் கூடவே வருமே என்று அஞ்சி எவரும் வாங்க வரவில்லை. கன்னட நாட்டிலிருந்து வந்த இளைஞன் ஒருவன் துணிந்து வாங்கினான். பல இடர்களுக்குப் பிறகு, அந்தப் பொன்னைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் கால்வாய் வெட்டுவதில் செலவழித்தான் என்பது அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வட்டாரத்தில் வழங்கும் கதை. கதையில் வரலாறு எவ்வளவு என்று அளக்க இயலாது. ஆனால் மக்கள் எதை நினைவில் வைக்க விரும்பினார்கள் என்பதைக் கதை காட்டிவிடுகிறது. பொன் கொடுத்தவன் நினைவில் நின்றான். அந்தக் கால்வாயை நூற்றாண்டுகளாகத் தூர் வாரியவர்களுக்குக் கதை இல்லை.

அவர்கள் செய்த வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். பாசனம் பெறும் குடிகள் தம் உழைப்பைக் கொடுத்துக் கால்வாயையும் கரையையும் காப்பது வழக்கம். கிழக்கிந்தியக் கம்பெனி நிலவரியை நேரடியாக வாங்கத் தொடங்கிய பின் ஊரின் பழைய மானியங்களும் கூட்டுப் பொறுப்பும் தளர்ந்தன. வழக்கம் தளர்ந்ததும் அரசு சட்டத்தை எடுத்தது. 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், உடைப்பு நேரும் காலத்தில் ஊராரை வேலைக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தியது. மானியமும் உரிமையும் இருந்த காலத்தில் கடமையாக இருந்தது, அவை போனபின் வெறும் கட்டாயமாயிற்று. கட்டாயத்தால் ஏரி நிறையவில்லை என்பது பிற்கால அறிக்கைகள் ஒப்புக்கொண்ட உண்மை. கூட்டு என்றால் இரு தரப்புக்கும் ஏதேனும் இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் முதல் பாடம்.

*

அடுத்து, ஒரு பாலம்.

திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் இன்று ஒரே மாநகராட்சியின் இரண்டு பகுதிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அவற்றுக்கு நடுவே தாமிரபரணி ஓடியது என்று சொல்வதைவிட, தாமிரபரணி அவற்றைப் பிரித்து வைத்திருந்தது என்று சொல்வதே பொருந்தும். மேற்கே நெல்லையப்பர் கோயிலும் கடைவீதியும். கிழக்கே கோட்டையும் படையும் கச்சேரியும். ஆற்றைக் கடக்கப் படகுதான் வழி. வெள்ளக் காலத்தில் அதுவும் இல்லை. படகுத்துறையில் கூட்டமும் காத்திருப்பும் தகராறும் வழிப்பறியும் இருந்தன என்றும், அங்கே நடந்த ஒரு பெருங்கலகமே பாலம் பற்றிய பேச்சைத் தொடங்கி வைத்தது என்றும் சொல்வார்கள்.

1840-இல் கலெக்டராக இருந்த ஈ. பி. தாம்சன் பாலம் கட்டுவது என்று முடிவெடுத்தார். வடிவமைத்தவர் பொறியாளர் டபிள்யூ. எச். ஹார்ஸ்லி. லண்டன் தேம்ஸ் நதியின் வாட்டர்லூ பாலத்தை மாதிரியாகக் கொண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. பதினொரு கமான் வளைவுகள், ஒவ்வொன்றும் 60 அடி அகலம், மொத்த நீளம் 760 அடி. மதிப்பீடு ஏறத்தாழ 50,000 ரூபாய். அன்றைய கணக்கில் அது பெருந்தொகை.

அரசு அந்தப் பணத்தைக் கருவூலத்திலிருந்து எடுக்கவில்லை. பொதுமக்களிடம் நன்கொடை திரட்டுவது என்று முடிவாயிற்று. திரட்டும் பொறுப்பு கலெக்டர் கச்சேரியின் சிரஸ்தார் சுலோசன முதலியாரிடம் வந்தது. சிரஸ்தார் என்பது இந்தியர் ஒருவர் அக்காலத்தில் மாவட்ட நிர்வாகத்தில் அடையக்கூடிய உயர்ந்த பதவிகளுள் ஒன்று. முதலியார் வசதியான குடும்பத்தவர். ஊர் ஊராகப் போய்க் கேட்பதற்குப் பதிலாக முழுத் தொகையையும் தாமே கொடுத்துவிட்டார். அவருடைய மனைவியார் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்பது திருநெல்வேலியில் இன்றும் சொல்லப்படும் செவிவழிச் செய்தி. பாலம் 1843 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. கலெக்டரின் பெயரோ, கவர்னரின் பெயரோ, மகாராணியின் பெயரோ அதற்கு வைக்கப்படவில்லை. அது இன்றும் சுலோசன முதலியார் பாலம்தான். நவம்பர் 27 வந்தால் அதன் பிறந்த நாளைக் கொண்டாடுகிற அன்பர்களும் இருக்கிறார்கள்.

இந்தக் கூட்டில் யார் யார் பங்காளிகள் என்று எண்ணிப் பாருங்கள். அரசு தந்தது முடிவும் பொறியாளரின் அறிவும் மேற்பார்வையும். முதலியார் தந்தது பணம். மூன்றாவதாக ஒரு தரப்பும் உண்டு. சிறைக் கைதிகள் இந்தக் கட்டுமானத்தில் வேலை வாங்கப்பட்டார்கள். அவர்கள் விரும்பிக் கூட்டுச் சேர்ந்தவர்கள் அல்லர். அவர்களுக்குக் கூலி கேட்கும் உரிமையும் இல்லை. செலவைக் குறைத்த உழைப்பு அது. பாலத்தின் கதையில் கொடையாளிக்கு ஒரு பெயரும் பொறியாளருக்கு ஒரு பெயரும் கலெக்டருக்கு ஒரு பெயரும் கிடைத்தன. கல் சுமந்தவர்களின் பெயர் எதுவும் நமக்கு வந்து சேரவில்லை.

முதலியாரின் கொடையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதன் அருமையை உணர, அவர் செய்யாமல் விட்டதையும் பார்க்க வேண்டும். அவர் பணத்தைக் கடனாகக் கொடுத்திருக்கலாம். பாலத்தின் இரு முனையிலும் சாவடி வைத்து, ஆளுக்கு இவ்வளவு வண்டிக்கு இவ்வளவு என்று சுங்கம் வாங்கும் உரிமையைக் கேட்டிருக்கலாம். சுங்கச் சாவடி அக்காலத்துக்குப் புதியது அன்று. படகுக்குக் காசு கொடுத்துப் பழகிய மக்கள் பாலத்துக்கும் கொடுத்திருப்பார்கள். அவர் அவ்வாறு செய்யவில்லை. 1843-க்குப் பிறகு அந்த ஆற்றைக் கடந்த கூடைக்காரியும் குமாஸ்தாவும் அவருக்கு எதுவும் கடன்பட்டிருக்கவில்லை.

*

மாதிரி என்று சொல்லப்படும் லண்டன் பாலத்தின் கதையோ இதற்கு நேர்மாறானது. வாட்டர்லூ பாலத்தைக் கட்டியது ஸ்ட்ராண்ட் பாலக் கம்பெனி என்ற தனியார் நிறுவனம். பங்குகள் விற்று முதல் திரட்டினார்கள். சுங்கத்தில் இலாபம் எடுப்பது திட்டம். ஜான் ரென்னி வடிவமைத்த ஒன்பது வளைவுகள் கொண்ட அந்த அழகிய பாலம் 1817 ஜூன் 18 அன்று திறக்கப்பட்டது. ஆனால் அருகிலேயே சுங்கம் இல்லாத வெஸ்ட்மின்ஸ்டர் பாலமும் பிளாக்ஃபிரையர்ஸ் பாலமும் இருந்தன. ஒரு பென்னி கொடுக்க மனமில்லாத லண்டன்வாசிகள் சுற்றிக்கொண்டு அவற்றின் வழியே போனார்கள். பங்கு வாங்கியவர்களுக்கு எதிர்பார்த்த வருவாய் வரவில்லை. அறுபது ஆண்டுகள் கழித்து, 1878-இல், மாநகரப் பொதுப்பணி வாரியம் பாலத்தை விலைக்கு வாங்கிச் சுங்கத்தை நீக்கியது. இறுதியில் தனியார் முதலைப் பொதுப்பணமே மீட்டது.

வடிவத்தில் ஒன்றாகச் சொல்லப்படும் இந்த இரண்டு பாலங்களும் பணத்தின் ஏற்பாட்டில் எதிரெதிர்த் துருவங்கள். ஒன்று வியாபாரம், மற்றொன்று கொடை. இரண்டையும் நிறுத்துப் பார்த்து, நம் ஊர்க் கொடைதான் உயர்ந்தது என்று மார்தட்டிக்கொண்டு கட்டுரையை முடித்துவிடலாம். நம் மேடைப் பேச்சாளர்கள் பலர் அப்படித்தான் முடிப்பார்கள். ஆனால் வரலாறு அவ்வளவு எளிதாக முடிய விடுவதில்லை.

1869-இல் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தது. பாலத்தின் ஒரு பகுதி சேதமடைந்தது. சீரமைப்பு 1871 வரை நீண்டது. அப்போது இன்னொரு முதலியாரை எதிர்பார்த்துக் காத்திருக்க முடியாது. பொறுப்பு அரசிடம் வந்தது. அதன் பிறகு நடந்த பழுதுபார்ப்பு, இருபதாம் நூற்றாண்டில் நடந்த அகலப்படுத்தல், இன்று வரையிலான பராமரிப்பு எல்லாமே வரிப்பணத்தில் நடந்தவை. 1843-இல் போட்ட முதலைவிட, இந்தப் பாலத்தை நிற்க வைத்திருக்கும் செலவு பல மடங்கு இருக்கும். அதற்கு எந்தக் கல்வெட்டும் இல்லை, பிறந்த நாளும் இல்லை.

கொடையில் வேறொரு சிக்கலும் உண்டு. கொடையாளி இருக்கும் இடத்தில் பாலம் வரும். இல்லாத இடத்தில் வராது. மாவட்டத் தலைநகரில் சிரஸ்தார் இருந்தார், பாலம் வந்தது. சிற்றாற்றிலும் அனுமன் நதியிலும் வெள்ளம் வந்தால் அக்கரையில் நின்ற சிற்றூர்களுக்கு எந்த சிரஸ்தார் இருந்தார்? கொடை மனத்தின் பெருமை. ஆனால் அது திட்டம் ஆகாது. எங்கே தேவை மிகுதி என்று பார்த்து வருவது அரசின் வேலை.

அந்த அரசு அன்று என்ன செய்துகொண்டிருந்தது? இங்கே சங்கடமான கேள்வி ஒன்று எழுகிறது. தாமிரபரணிப் பாசனத்தால் செழித்த மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் நிலவரி வாங்கிய கம்பெனிக்கு, அதே மாவட்டத்தின் இரு தலையாய ஊர்களை இணைக்க ஐம்பதாயிரம் ரூபாய் இல்லாமல் போனது எப்படி? சென்னை மாகாணத்தின் பொதுப்பணிகளை ஆராய நியமிக்கப்பட்ட குழு 1852-இல் அளித்த அறிக்கை, சாலைக்கும் பாசனத்துக்கும் கம்பெனி அரசு செலவிட்டது எவ்வளவு குறைவு என்பதை அதன் அதிகாரிகளின் வாயாலேயே சொல்லிற்று. காவிரி, கோதாவரி அணைகளால் புகழ்பெற்ற ஆர்தர் காட்டன் இதே குறையை ஓயாமல் எழுதினார். முதலியாரின் கொடை ஓர் இடைவெளியை நிரப்பியது. அந்த இடைவெளியை உண்டாக்கியது வறுமை அன்று, வரி வாங்கியவர்களின் முன்னுரிமை.

*

அதே காலகட்டத்தில் கம்பெனி வேறொரு கூட்டில் மிகத் தாராளமாக நடந்துகொண்டது. அதுதான் இரயில்.

1849-இல் கிழக்கிந்திய இரயில்வே, கிரேட் இந்தியன் பெனின்சுலா இரயில்வே ஆகிய இரு கம்பெனிகளோடு உடன்பாடுகள் கையெழுத்தாயின. பங்குதாரர்கள் பெரும்பாலும் இங்கிலாந்தில் இருந்தார்கள். இருப்புப் பாதைக்கான நிலத்தை அரசு இலவசமாகத் தரும். போட்ட முதலுக்கு ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வட்டி உறுதி. இரயில் ஓடி அவ்வளவு சம்பாதிக்காவிட்டால் குறையை இந்திய வருவாயிலிருந்து அரசு ஈடுகட்டும். இலாபம் வந்தால் பங்காளிக்கு; நட்டம் வந்தால் இந்திய விவசாயிக்கு. நட்டமே வராத ஒருவர் செலவைச் சுருக்க எதற்காக மெனக்கெட வேண்டும்? மைல் ஒன்றுக்கு மதிப்பிட்டதைவிட மிகக் கூடுதலாகச் செலவாயிற்று. இந்தியாவின் முன்னாள் நிதி உறுப்பினர் ஒருவரே, பணம் எப்படிச் செலவாகிறது என்பதில் முதல் போட்டவர்களுக்கு அக்கறை இருக்கவில்லை என்ற பொருளில் நாடாளுமன்றக் குழுவின்முன் சாட்சி சொல்ல நேர்ந்தது. தாதாபாய் நௌரோஜியும் ரமேஷ் சந்திர தத்தும் இந்த உத்தரவாத முறையைக் கடுமையாக விமரிசித்தார்கள்.

நம் பக்கத்து வரலாறும் இதன் கிளைதான். கிரேட் சதர்ன், கர்நாடிக் என்ற இரு கம்பெனிகள் 1874-இல் இணைந்து தென்னிந்திய இரயில்வே கம்பெனி ஆயின. பிறகு பாதை அரசுடைமை ஆனபோதும் ஓட்டும் உரிமை 1944 வரை கம்பெனியிடமே இருந்தது. திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் மீட்டர் கேஜ் பாதை இந்தக் கம்பெனி போட்டது. தென்காசி பிரிட்டிஷ் இந்தியா. செங்கோட்டையோ 1956 வரை திருவிதாங்கூர். எனவே தன் எல்லைக்குள் வரும் பகுதியின் முதலுக்கான பொறுப்பில் திருவிதாங்கூர் அரசும் பங்கேற்றது. கம்பெனி, சென்னை மாகாணம், சமஸ்தானம் என்று மூவர் கூடிய கூட்டு. கல்லிடைக்குறிச்சியிலிருந்து செங்கோட்டை வரை 1903-இல் இரயில் வந்தது. ஆரியங்காவுக் கணவாயைக் குடைந்து கொல்லம் வரை 1904-இல் முழுப் பாதையும் திறந்தது. குற்றாலச் சாரலுக்கு வெளியூர்க் கூட்டம் வரத் தொடங்கியதில் இந்தப் பாதைக்குப் பெரும்பங்கு உண்டு.

இரயிலால் பயன் இல்லை என்று எவரும் சொல்ல மாட்டார்கள். செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையிலான மலைப்பாதை அகலப்பாதையாக மாற்றப்படுவதற்காக 2010-இல் மூடப்பட்டு 2018-இல்தான் முழுமையாகத் திறந்தது. அந்த எட்டு ஆண்டுகளில் தென்காசி வியாபாரிகள் பட்ட பாடு, இரயில் எவ்வளவு அவசியம் என்பதைச் சொல்லும். அந்த மாற்றத்தைச் செய்ததும் வரிப்பணம்தான். பயன் உண்மை. கேள்வி, அந்தப் பயனுக்கு நாம் கொடுத்த விலை நியாயமானதா என்பதே. பாலத்தில் தனியார் எல்லாம் கொடுத்துவிட்டு எதையும் திரும்பப் பெறவில்லை. உத்தரவாத இரயிலில் தனியார் முதலைக் கொடுத்தார். ஆனால் அந்த முதலுக்குரிய துணிச்சலைக் கொடுக்கவில்லை. அதை நம் முன்னோர்கள் கொடுத்தார்கள், தங்களுக்குத் தெரியாமலே.

*

இனி நம் காலத்துக்கு வருவோம்.

சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையைச் சீராக்கி நடத்தத் தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் 1998-இல் அமைக்கப்பட்டது. மாநில அரசின் டிட்கோவும் ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். நிறுவனமும் அதில் கூட்டாளிகள். 2002-இல் அந்தச் சாலையில் சுங்க வசூல் தொடங்கியது. தமிழ்நாட்டில் இத்தகைய கூட்டுக்கு முன்மாதிரியாக அது பேசப்பட்டது.

திருப்பூரில் இன்னும் பெரிய முயற்சி. பின்னலாடைத் தொழிலின் சாயப்பட்டறைகளுக்கும், நகருக்கும், வழியிலுள்ள ஊர்களுக்கும் பவானியிலிருந்து நாளொன்றுக்கு 185 மில்லியன் லிட்டர் தண்ணீர் கொண்டுவரும் திட்டம். ஏறத்தாழ 1,023 கோடி ரூபாய். குடிநீருக்குத் தனியார் கூட்டு என்பதில் இந்தியாவுக்கே முன்னோடியாகச் சொல்லப்பட்டது. தொழிற்சாலைகள் கூடுதல் விலை கொடுக்கும், அதனால் வீடுகளுக்குக் குறைந்த விலையில் கொடுக்கலாம் என்பது கணக்கு. 2005-இல் தண்ணீர் வந்தது. ஆனால் தொழிற்சாலைகள் எதிர்பார்த்த அளவு வாங்கவில்லை. நொய்யலைச் சாயக்கழிவு பாழாக்கிய வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபோது விற்பனை மேலும் சரிந்தது. கடன் சுமையானது. ஆற்றை அழித்துக்கொண்டிருந்த தொழிலையே வாடிக்கையாளராக நம்பி, இன்னோர் ஆற்றின் நீரை விற்கத் திட்டமிட்டதன் முரண்பாடு அப்போதுதான் பலருக்குப் புலப்பட்டது.

இரண்டு திட்டங்களிலும் 'தனியார்' பக்கம் நின்ற ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். நிறுவனம் 2018-இல் நிலைகுலைந்தது. கடன் 90,000 கோடி ரூபாய்க்கு மேல். அவ்வாண்டு அக்டோபர் முதல் தேதி மைய அரசு தலையிட்டு அதன் இயக்குநர் குழுவை மாற்ற நேர்ந்தது. அந்த நிறுவனத்தின் பெரும் பங்குதாரர்களில் முதன்மையானது ஆயுள் காப்பீட்டுக் கழகம். பாரத ஸ்டேட் வங்கிக்கும் பங்கு உண்டு. நாம் தனியார் என்று அழைத்ததன் உள்ளே நம் பாலிசிப் பணமும் சேமிப்பும் இருந்தன. பொதுப்பணம் ஒரு வாசலில் வெளியேறி, தனியார் என்று சட்டை மாற்றிக்கொண்டு, இன்னொரு வாசலில் நுழைந்திருக்கிறது.

இவற்றோடு ஒப்பிடச் சிறிய திட்டங்களும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. 1990-களின் பிற்பகுதியில் தொடங்கிய 'நமக்கு நாமே' திட்டத்தில் ஊரார் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். அது 2011-க்குப் பின் தன்னிறைவுத் திட்டமாகவும், 2021-இல் மீண்டும் பழைய பெயரிலும் தொடர்ந்தது. பொதுவாக மூன்றில் ஒரு பங்கு மக்கள் தர வேண்டும். 2017-இல் குடிமராமத்தையும் அரசு புதுப்பித்தது. பாசன விவசாயிகளின் பங்கு பத்து விழுக்காடு. இவற்றில் வட்டி இல்லை, சுங்கம் இல்லை. ஆனால் இங்கும் பழைய சிக்கல் தொடர்கிறது. மூன்றில் ஒரு பங்கு போட வசதியுள்ள ஊர் முந்திக்கொள்ளும். வசதியில்லாத ஊரின் பள்ளிக்கூடச் சுவர் அப்படியே நிற்கும்.

*

கூட்டு நல்லதா கெட்டதா என்று கேட்பது, கடன் நல்லதா கெட்டதா என்று கேட்பதைப் போன்றது. நிபந்தனையைப் பார்க்காமல் விடை சொல்ல முடியாது. மேலே கண்டவற்றை ஒரு வரிசையில் வைத்தால், தொடக்க விழாவில் எல்லாமே அழகாக இருந்தன என்பது தெரியும். அவற்றின் உண்மையான முகம் பின்னால்தான் தெரிந்தது: வெள்ளம் வந்தபோது, வருவாய் குறைந்தபோது, பங்காளி படுத்தபோது. உடைந்தால் யார் பொறுப்பு என்ற ஒரு கேள்விக்கு எழுதி வைக்கப்பட்ட விடை இருந்ததா என்பதைக் கொண்டே ஒரு கூட்டை மதிப்பிட வேண்டும். தசபந்தத்தில் அந்த விடை இருந்தது. உத்தரவாத இரயிலிலும் இருந்தது. ஆனால் அந்த விடையில் நம் பெயர் மட்டுமே எழுதப்பட்டிருந்தது.

இதை முதன்முதலில் உணர்ந்தவர்கள் பொருளியல் அறிஞர்கள் அல்லர். தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலுக்குப் போகிறவர்கள் அதைக் கட்டிய பராக்கிரம பாண்டியனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். 1446-இல் அவன் தொடங்கிய கோயில் அது. அங்கே அவன் பாடலாகப் பொறித்துவைத்த ஒரு வேண்டுகோள் உண்டு. காலப்போக்கில் இக்கோயிலுக்குக் குறை நேர்ந்தால் அதைத் திருத்திக் காப்பவர்கள் எவரோ, அவர்களின் அடியில் தான் விழுந்து வணங்குவதாக அவன் சொல்கிறான். முடியணிந்த ஒருவன், இன்னும் பிறக்காத, பெயர் தெரியாத பழுதுபார்ப்பவர்களை வணங்குகிறான். கட்டுவதைவிடக் காப்பது கடினம் என்று தெரிந்தவனால்தான் அப்படி எழுத முடியும்.

அவன் அஞ்சியபடியே நடந்தது. இராசகோபுரம் பழுதுற்று, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. கடைசியில் 1990-இல் சிவந்தி ஆதித்தனாரின் முன்முயற்சியாலும் அன்பர்களின் உதவியாலும் ஒன்பது நிலைக் கோபுரம் எழுந்து குடமுழுக்குக் கண்டது. வேண்டுகோளுக்கு விடை கிடைக்க ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கோபுரம் காத்திருக்கும். குடிநீர்க் குழாயும் ஆற்றுப்பாலமும் காத்திருக்க மாட்டா. ஆகையால் பாண்டியனிடமிருந்து இன்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவனுடைய பணிவை மட்டும் அன்று. பராமரிப்பைப் பற்றிய தன் வாசகத்தை அவன் கல்லில், தமிழில், வருகிறவர் போகிறவர் படிக்கும் இடத்தில் வைத்தான். நம் சுங்கச் சாவடிகளில் எந்த வண்டிக்கு எவ்வளவு என்ற பலகை பெரிதாக இருக்கிறது. போட்ட முதல் எவ்வளவு, இதுவரை வசூலானது எவ்வளவு, எந்த ஆண்டில் வசூல் நிற்கும், சாலை பழுதானால் செலவு யாருடையது என்ற நான்கு வரிகளையும் அதே அளவு எழுத்தில், அதே பலகையில், தமிழில் எழுதி வைக்கலாம். நூற்றுக்கணக்கான பக்க ஆங்கில ஒப்பந்தத்தில் இருப்பதன் சாரம் அவ்வளவுதான். தான் எந்தக் கூட்டில் பங்காளி என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை, காசு கொடுத்துக் கடந்து போகிறவனுக்கு உண்டு.